சடங்கும் ஆண்டுக் குறிப்பும்: திபெத்தியப் படங்களும் தாமிரபரணிக் கரைப் படங்களும்

ஆய்வுச்சுருக்கம்

சிறுபான்மையோர், விளிம்புநிலையோர் ஆகியோரின் சமயச் சடங்குகளைக் கலைப்படங்கள் எடுத்தாளும்போது, அச்சடங்கு எந்தக் காலத்தில் நிகழ்வதாகக் காட்டப்படுகிறது என்பது சிக்கலுக்குரிய வினாவாகிறது. சீன இயக்குநர் தியன் சுவாங்சுவாங்கின் ‘குதிரைத் திருடன்’ (1986) படத்தில் ‘1923’ என்ற ஆண்டு பின்னர் சேர்க்கப்பட்டது. மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) படத்தில் முதலில் இருந்த ஆண்டுக் குறிப்பு பின்னர் நெகிழ்த்தப்பட்டது. இவ்விரு மாற்றங்களையும், தாமிரபரணிக் கரையின் முத்துப்பட்டன் கதைப்பாடலில் நிகழ்ந்த மாற்றத்தையும் இக்கட்டுரை ஒருங்கே நோக்குகிறது. காட்சியாக மட்டும் நிற்கும் சடங்கின்மீது எந்த ஆண்டையும் ஒட்டிவிடலாம். ஒரு குறிப்பிட்ட இறப்பிலிருந்து பிறக்கும் சடங்கு அவ்வாறு எளிதில் இடம்பெயர்வதில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: திபெத்தியத் திரைப்படம், பௌத்தச் சடங்கு, நாட்டார் தெய்வம், தாமிரபரணி, முத்துப்பட்டன், கர்ணன், பெமா செதென்.

முன்னுரை

லாசா நகரில் உள்ள போதலா அரண்மனையின் பெயர் திபெத்தியப் பெயர் அன்று. அவலோகிதேசுவரர் உறையும் மலையாகப் பௌத்த நூல்கள் கூறும் ‘போதலகம்’ என்பதே அங்கே அரண்மனைப் பெயராயிற்று. ஐந்தாம் தலாய் லாமா 1645இல் அதைக் கட்டத் தொடங்கினார். அந்தப் போதலகம் எங்கே இருந்தது? 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங்கின் பயணக்குறிப்பு, மலகூட நாட்டின் தெற்கில் மலய மலை உள்ளதென்றும், அதற்குக் கிழக்கே போதலக மலை உள்ளதென்றும் கூறுகிறது. அம்மலையின் உச்சியில் ஓர் ஏரி, அதிலிருந்து பாய்ந்து மலையைச் சுற்றிவந்து கடலில் கலக்கும் ஓர் ஆறு என்று வருணனை விரிகிறது. ஜப்பானிய ஆய்வாளர் ஷு ஹிகோசகா இம்மலை பொதிகையே என்று வாதிட்டார். பௌத்தரான புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டதாகக் கூறுவதும் இக்கருத்துக்குத் துணையாகக் காட்டப்படுவதுண்டு. ஹிகோசகாவின் முடிவை எல்லா ஆய்வாளரும் ஏற்பதில்லை. ஆயினும் திபெத்தின் மிகப் புகழ்பெற்ற கட்டடத்தின் பெயருக்கும் தாமிரபரணி பிறக்கும் மலைக்கும் இடையே இப்படியொரு தொடர்பைத் தேட இடமிருக்கிறது என்பதே கவனத்துக்குரியது.

இக்கட்டுரை அந்தப் பெயராய்வைத் தொடர முற்படவில்லை. பொதிகைக்குக் கீழே ஓடும் ஆற்றின் கரையில் எடுக்கப்பட்ட படங்களையும், போதலாவின் நாட்டில் எடுக்கப்பட்ட படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே அதன் நோக்கம். ஒப்பீட்டின் எல்லையை முதலிலேயே வரையறுத்துக்கொள்ள வேண்டும். திபெத்தியர் சீன அரசு ஏற்றுள்ள 56 தேசிய இனங்களுள் ஓர் இனத்தவர். தமக்கெனத் தனிமொழியும் எழுத்தும் உடையவர். தாமிரபரணிக் கரையின் ஒடுக்கப்பட்ட சாதியினரோ தமிழ் பேசும் தமிழரே. இவர்களை ‘இனச் சிறுபான்மையினர்’ என்று அழைப்பது பிழையாகும். இரு சாராருக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே: தம் தெய்வங்களும் இறந்தோரும் பெரும்பான்மையினர் பார்க்கும் திரையில் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை நெடுங்காலமாக வேறு சிலர் முடிவு செய்து வந்தனர்.

சீனத் திரையில் சிறுபான்மையினர்

மக்கள் சீனம் உருவான பின் ‘சிறுபான்மை இனப் படங்கள்’ ஒரு தனி வகையாகவே வளர்ந்தன. யுன்னான் மாநிலத்துப் பாய் இன மக்களைப் பற்றிய ‘ஐந்து பொற்பூக்கள்’ (1959), யி இனப் பழங்கதையைத் தழுவிய ‘அஷிமா’ (1964) ஆகியன ஆடலும் பாடலும் வண்ண உடையும் நிறைந்தவை. திபெத்தைப் பற்றிய ‘பண்ணையடிமை’ (1963) அதற்கு நேர்மாறானது; இருண்டது, கடுமையானது. அங்கே மடாலயம் ஒடுக்குமுறையின் கருவி. விடுதலை வெளியிலிருந்து படையுடன் வருகிறது. இவ்விரு போக்குகளிலும் சடங்குக்குத் தனிமதிப்பு இல்லை. ஒன்றில் அது அலங்காரம், மற்றொன்றில் அது குற்றச்சாட்டு.

1980களில் பெய்ஜிங் திரைப்படக் கழகத்திலிருந்து வெளிவந்த ‘ஐந்தாம் தலைமுறை’ இயக்குநர்கள் இந்த வாய்பாட்டை உடைத்தனர். அவர்களுள் தியன் சுவாங்சுவாங் இரு படங்களைச் சிறுபான்மை நிலப்பகுதிகளில் எடுத்தார். ஒன்று, உள் மங்கோலியப் புல்வெளியில் எடுத்த ‘வேட்டைக்களம்’ (1985). மற்றொன்று ‘குதிரைத் திருடன்’ (1986).

‘குதிரைத் திருடன்’: சேர்க்கப்பட்ட ஆண்டு

கதை மிகச் சிறியது. நோர்பு குதிரை திருடிப் பிழைப்பவன்; அதே வேளை ஆழ்ந்த பக்தன். கோயிலுக்கு அனுப்பப்பட்ட காணிக்கைகளைத் திருடியமைக்காகத் தன் கூட்டத்திலிருந்து மனைவியுடனும் மகனுடனும் விலக்கப்படுகிறான். மகன் நோயுற்று இறக்கிறான். இரண்டாவது குழந்தை பிறந்ததும் திருந்தி வாழ முயல்கிறான். பசியும் பனியும் அவனை மீண்டும் குதிரையிடமே கொண்டு சேர்க்கின்றன. உரையாடல் மிகக் குறைவு. இறந்த உடலைக் கழுகுகளுக்கு இரையாக விடும் திபெத்திய ஈமச்சடங்கில் தொடங்கும் படம், பனிமேல் சிந்திய குருதியுடன் அதே ஈமக்களத்தில் முடிகிறது. இடையில் உருளும் வழிபாட்டுச் சக்கரங்கள், நிலத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து செல்லும் கணவனும் மனைவியும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கரையும் விளக்கொளிகள் எனச் சடங்குகளே படத்தை நடத்திச் செல்கின்றன.

இப்படம் சீனாவில் ஓடவில்லை. மிகச் சில படிகளே விற்பனையாயின. அடுத்த நூற்றாண்டின் பார்வையாளருக்காகவே எடுத்ததாகத் தியன் அப்போது கூறியது பரவலாக விமர்சிக்கப்பட்டது. அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி, தாம் 1990களில் கண்ட படங்களுள் இதையே முதலாவதாக வைத்தார். ஆயினும் இங்கு நம் கவனத்துக்குரியது படத்தின் தொடக்கத்தில் தோன்றும் ஒற்றை எண்: 1923. இது இயக்குநரின் விருப்பப்படி இடப்பட்டதன்று. தணிக்கையினர் வற்புறுத்தியதால் சேர்க்கப்பட்டது. மக்கள் சீனம் தோன்றுவதற்கு முன்பே இவ்வறுமையும் இவ்வழிபாடும் முடிந்துபோயின என்று அந்த எண் பார்வையாளரிடம் சொல்லியாக வேண்டும். ஈமச்சடங்கின் சில காட்சிகளும் நீக்கப்பட்டன.

இந்த எண்ணுக்காகத் தணிக்கையைப் பழிப்பது எளிது. அதற்கப்பால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஓர் எண்ணை ஒட்டியவுடன் படம் ஏன் அவ்வளவு எளிதாக 1923க்குள் நழுவிவிடுகிறது? விடை படத்தின் உள்ளேயே இருக்கிறது. நோர்பு எந்த ஊரான், எந்த மடாலயத்தைச் சார்ந்தவன், அவன் கூட்டத்தின் பெயர் என்ன, அவர்கள் எந்த ஆண்டின் பஞ்சத்தில் இறந்தார்கள் என்பன எவையும் படத்துக்குத் தேவைப்படவில்லை. வானும் மலையும் மனிதனும் இறப்பும் என்ற அளவில் கதை உயர்த்தப்பட்டுள்ளது. அந்த உயரமே அதன் பெருமை. அதுவே அதன் பலவீனமும் ஆகும். சடங்கு அங்கே யாருடைய நினைவும் அன்று. ஆகவே எந்த ஆண்டும் அதற்குப் பொருந்திவிடுகிறது. தியன் திபெத்தியரை இகழவில்லை. அவருக்கு முன்னிருந்த எவரையும்விட மதித்தார். ஆனால் அவர் மதித்தது ஒரு பண்பாட்டின் பேருருவத்தை. அதற்குள் கணக்கு வைத்திருக்கும் மனிதர்களை அவர் அறியவில்லை.

பெமா செதென்: சடங்குக்கு அருகில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி

இருபது ஆண்டுகளுக்குப் பின் இந்நிலை மாறியது. சிங்ஹாய் மாநிலத்தின் அம்தோ பகுதியில் 1969இல் பிறந்த பெமா செதென், பெய்ஜிங் திரைப்படக் கழகத்தில் பயின்று வெளிவந்த முதல் திபெத்தியர். திபெத்திய மொழியிலேயே அமைந்த ‘அமைதியான புனிதக் கற்கள்’ (2005) அவருடைய முதல் முழுநீளப் படம். புத்தாண்டு விடுமுறைக்காக மடாலயத்திலிருந்து வீடு செல்லும் சிறுவயதுத் துறவி ஒருவன், அங்கே தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மனம் பறிகொடுக்கிறான். அத்தொடர் ‘மேற்கு நோக்கிய பயணம்’. அதன் நாயகர் யுவான் சுவாங். போதலகத்தைப் பற்றி எழுதிவைத்த அதே துறவியின் கதையைத் திபெத்தியச் சிறுவன் சீன மொழித் தொடராகக் கண்டு வியக்கிறான். அவனுக்குப் பிடித்ததோ துறவியைவிடக் குரங்கு வீரன்தான். அவன் திரும்பி வருவதற்குள், மந்திரக் கற்களைச் செதுக்கிக்கொண்டிருந்த முதியவர் இறந்துவிடுகிறார்.

இங்கே எந்த எண்ணையும் ஒட்ட முடியாது. குறுந்தட்டு இயக்கியும் தொலைக்காட்சியும் மோட்டார் சைக்கிளும் உள்ள வீட்டில் 1923க்கு இடமில்லை. சடங்கு பெருமூச்சுடன் நோக்கப்படும் தொன்மை அன்று. அன்றாட வேலைகளுள் ஒன்று. ஊரில் ‘திரிமே குண்டென்’ என்ற நாடகம் நடிக்கப்படுகிறது. தன் பிள்ளைகளையும் மனைவியையும் கண்களையும் கூடத் தானமாக ஈந்த இளவரசனின் கதை அது. பாலி மரபின் வெஸ்ஸந்தர ஜாதகத்துக்கு உறவானது. பின்னாளில் ‘தேடல்’ என்ற படத்தில் அதே நாடகத்துக்கு நடிகர் தேடும் குழுவைக் காட்டி, அத்தகைய ஈகை அறமாகுமா, மனைவியையும் பிள்ளைகளையும் கொடுக்க ஒருவனுக்கு என்ன உரிமை என்ற கேள்வியைப் பெமா செதென் எழுப்பினார். வெளியார் ஒருவர் பௌத்த மரபை நோக்கி அப்படிக் கேட்டிருந்தால் அது ‘பண்ணையடிமை’ படத்தின் குற்றச்சாட்டாகவே ஒலித்திருக்கும்.

‘தார்லோ’ (2015) கறுப்பு வெள்ளைப் படம். அடையாள அட்டை எடுக்க நகரம் செல்லும் ஆட்டிடையன் ஒருவன், சடையிழந்து தலை மழிக்கப்பட்டுத் திரும்புகிறான். அதன்பின் அட்டையிலுள்ள படத்துக்கும் அவன் முகத்துக்கும் பொருத்தம் இல்லாமல் போகிறது. அரசு தரும் அட்டைக்கும் மனிதனுக்கும் இடையேயுள்ள இந்த விலகலே, ‘குதிரைத் திருடன்’ படத்தின் மேல் ஒட்டப்பட்ட எண்ணுக்கும் படத்துக்கும் இடையே உள்ளது. பெமா செதென் 2023 மே 8ஆம் நாள், தம் 53ஆம் வயதில் காலமானார்.

சொரிமுத்தையனார் கோயில்: மாற்றப்பட்ட பிறப்பு

கதையின்மேல் ஓர் அட்டையை ஒட்டி அதன் கூர்மையை மழுக்கும் இவ்வழக்கம் திரைப்படத்துடன் தோன்றியதன்று. தாமிரபரணிக் கரையில் அதற்குப் பழைய சான்று உண்டு. பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுப் பகுதியில், களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் சொரிமுத்தையனார் கோயில் உள்ளது. ஆடி அமாவாசையன்று இலட்சக்கணக்கானோர் அங்கே கூடுவர். அய்யனார் என்ற சாத்தா வழிபாட்டைப் பௌத்தத்தின் எச்சமாக மயிலை சீனி. வேங்கடசாமி தம் ‘பௌத்தமும் தமிழும்’ (1940) நூலில் கருதினார். ‘சாஸ்தா’ என்பது புத்தரின் பெயர்களுள் ஒன்று என அமரகோசம் கூறுவது உண்மை. ஆனால் ஒரு பெயரை மட்டும் கொண்டு எல்லா அய்யனார் கோயில்களையும் பௌத்தப் பள்ளிகளாக்கிவிட முடியாது. இக்கோயிலில் நம் பொருளுக்கு இன்றியமையாதது அய்யனார் அல்லர். அவரருகே பீடம் பெற்றுள்ள பட்டவராயன் என்னும் முத்துப்பட்டனே.

முத்துப்பட்டன் பார்ப்பனக் குடியில் பிறந்தவன். காட்டில் கண்ட பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலப் பெண்கள் இருவரையும் மணக்க விரும்புகிறான். அவர்கள் தந்தை வாலப்பகடை, பூணூலைக் களைந்து, குடுமியை அறுத்து, தோல் வேலை செய்து வந்தால் பெண் தருவதாகச் சொல்கிறான். முத்துப்பட்டன் அவ்வாறே செய்கிறான். மணம் முடிந்த இரவே மாடு கவர வந்தோருடன் பொருது இறக்கிறான், மனைவியர் தீப்பாய்கின்றனர். மூவரும் தெய்வமாகின்றனர். இன்றும் பட்டவராயன் சந்நிதியில் அடியார்கள் தோல் செருப்பையே காணிக்கையாக இடுகின்றனர். தமிழகக் கோயில்களில் வாயிலிலேயே கழற்றிவிட வேண்டிய பொருள் இங்கே சந்நிதிப் பொருளாகிறது.

நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை இக்கதைப்பாடலைப் பதிப்பித்து ஆராய்ந்தபோது ஒன்றைக் கண்டார். வில்லுப்பாட்டில் வழங்கும் வடிவத்தில், பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பார்ப்பனக் குழந்தைகள் என்றும், காட்டில் கைவிடப்பட்டு வாலப்பகடையால் வளர்க்கப்பட்டனர் என்றும் ஒரு முன்கதை வருகிறது. இது பிற்காலச் சேர்க்கை என்பது அவர் கருத்து. இதன் பயன் வெளிப்படையானது. சாதி கடந்த மணம் என்ற செய்தி, சாதிக்குள் நிகழ்ந்த மணமாக ஓசையின்றி மாற்றப்படுகிறது. ‘1923’ ஓர் ஆண்டைச் சேர்த்துச் செய்ததை, இந்த முன்கதை ஒரு பிறப்பைச் சேர்த்துச் செய்தது.

எனினும் சேர்க்கை முழுவெற்றி பெறவில்லை. காரணம், காணிக்கையாகச் செருப்பு தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. பெண்கள் பார்ப்பனக் குழந்தைகளே என்றால், மருமகன் செருப்புத் தைக்கக் கற்றதற்கு நினைவுச்சின்னம் எதற்கு? கதையைத் திருத்தியவர்களால் காணிக்கையைத் திருத்த இயலவில்லை.

‘கர்ணன்’: நெகிழ்த்தப்பட்ட ஆண்டு

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் நாட்டார் வழிபாட்டில் கொலையுண்டோரும் அகால மரணமுற்றோரும் தெய்வமாவது பெருவழக்கு. கொடைவிழாவில் வில்லுப்பாட்டோ கணியான் கூத்தோ அத்தெய்வத்தின் வரலாற்றை ஊர்ப்பெயர் ஆட்பெயருடன் சொல்லும். கொன்றவனின் பெயரும் வெட்டப்பட்ட இடமும் பாடலில் இருக்கும். இவ்வகையில் கொடைவிழா, வழிபாடாக இருப்பதோடு, ஆண்டுதோறும் திரும்பப் படிக்கப்படும் வழக்கு ஆவணமாகவும் இருக்கிறது. இதை உள்ளிருந்து அறிந்தவர் மாரி செல்வராஜ். தூத்துக்குடி மாவட்டத்துப் புளியங்குளத்தில் பிறந்து, எழுத்தாளராகத் தொடங்கி இயக்குநரானவர்.

2021 ஏப்ரல் 9ஆம் நாள் வெளிவந்த ‘கர்ணன்’ ஒரு சிறுமியின் மரணத்தில் தொடங்குகிறது. வலிப்பு வந்து நடுச்சாலையில் கிடக்கிறாள்; பேருந்துகள் நிற்காமல் இருபுறமும் விலகிச் செல்கின்றன. பொடியங்குளம் என்ற அவ்வூருக்குப் பேருந்து நிறுத்தம் இல்லை. இறந்தவள் காட்டுப்பேச்சியாகிறாள். தெய்வ முகமூடி அணிந்த சிறுமியாகப் படம் முழுதும் அவ்வப்போது தோன்றுகிறாள். இது மாயக்காட்சி போலத் தோன்றினாலும் வட்டார வழக்கின்படி நேரான செய்தியே. கேட்பாரற்று இறந்தவர், கேட்கப்படும் வரை ஊரை விட்டுப் போவதில்லை. முன்கால்கள் கட்டப்பட்ட கழுதை, ஊர்த்திருவிழாவில் வாளால் அந்தரத்தில் வெட்டப்படும் மீன், சுவரில் தலையற்ற உருவம் என்று அடுக்கப்படும் குறிகளுள் சில மிகையானவை. ஒரு கழுதைக்கு அவ்வளவு நேரம் தேவைதானா என்று கேட்கலாம். ஆனால் பேச்சியின் முகமூடி மிகையன்று. நிறைமாதப் பெண் ஒருத்தி பேருந்துக்காகக் காத்து நிற்க, அவளுடைய சிறுவயது மகன் வண்டிமீது எறியும் முதற்கல்லும், அதன்பின் ஊரே பேருந்தை நொறுக்குவதும், முதற்காட்சியின் சாவுக்குக் கேட்கப்படும் கணக்கே.

அதன்பின் காவல்துறை வருகிறது. அதிகாரி கண்ணபிரானுக்கு உறுத்துவது பேருந்தைவிடப் பெரியவர்களின் பெயர்கள். துரியோதனன் என்றும் எமராஜா என்றும் பெயர் வைத்துக்கொண்டு, தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கும் முதியோர் நிலையத்தில் அடிக்கப்படுகின்றனர். ஊர் தாக்கப்படும்போது எமராஜா தன்னைத் தீக்கிரையாக்கிக்கொள்கிறார். கர்ணன் குதிரையேறி வருகிறான். அதிகாரி வாளுக்கு இரையாகிறார். ஆண்டுகள் கழித்துச் சிறையிலிருந்து அவன் மீளும்போது ஊருக்குப் பேருந்து நிறுத்தம் உண்டு. தலையற்றிருந்த உருவத்தின் இடத்தில் எமராஜாவின் முகம் தீட்டப்படுகிறது. பேச்சியில் தொடங்கிய படம் இன்னொரு தெய்வம் உருவாவதில் முடிகிறது.

இப்படம் 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் நடந்ததை நினைவூட்டும் என்பதை எவரும் அறிவர். அன்று சுமார் 600 காவலர் தேவேந்திரகுல வேளாளர் வாழும் அச்சிற்றூரில் புகுந்து வீடுகளையும் பொருள்களையும் அழித்தனர். அப்போது ஆட்சியில் இருந்தது அ.தி.மு.க. படமோ தன் காலத்தை 1997 என்று குறித்தது. அவ்வாண்டில் ஆண்டது தி.மு.க. படம் வெளிவந்த சில நாள்களிலேயே தி.மு.க.வின் உதயநிதி ஸ்டாலின் இந்த முரணைச் சுட்டினார். அதன்பின் காலக் குறிப்பு, தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று பொதுப்படையாக்கப்பட்டது.

இரு படங்களின் அட்டைகளும் ஒரே நோயின் இரு அறிகுறிகள் எனக் கொள்வது அவசரமாகும். பெய்ஜிங்கில் அரசின் தணிக்கை ஆணையிட்டது. சென்னையில் பொதுவெளியில் ஒரு மறுப்பு எழுந்தது, படக்குழு ஏற்றது. அம்மறுப்புக்கு வரலாற்று அடிப்படையும் உண்டு. 1997 என்ற எண்ணைப் படக்குழுவே தேர்ந்தது என்பதையும் மறக்கலாகாது. ஆயினும் இரண்டிலும் விவாதிக்கப்பட்டது ஒரே பொருள்தான்: திரையில் துன்புறும் மக்கள் யாருடைய ஆட்சியில் துன்புற்றனர்? விளைவில்தான் வேறுபாடு. 1923 என்று ஒட்டியதும் நோர்பு பழங்காலத்தவன் ஆகிவிட்டான். ‘தொண்ணூறுகளின் பிற்பகுதி’ என்று மாற்றியும் பொடியங்குளம் எங்கும் நகரவில்லை. ஊர்ப்பெயரின் ஓசையும், பேச்சியின் முகமும், அடிக்கப்பட்ட முதியவரின் பெயரும் இருக்கும்வரை, வட்டாரத்துப் பார்வையாளர் ஆண்டைத் தாமே நிரப்பிக்கொள்வர். அட்டை மாறியது குறித்து நடந்த வாதமே 1995 என்ற எண்ணை, அதை அறியாத இளந்தலைமுறைக்கும் கொண்டு சேர்த்தது எனலாம்.

படத்தின் குறையும் இதே இடத்தில்தான் உள்ளது. கொடியங்குளத்து மக்களிடம் வாளும் குதிரையும் இல்லை. அதிகாரியின் கழுத்தில் விழும் வாள், நடந்ததை நினைவுகூர்வதிலிருந்து நடந்திருக்க வேண்டியதைக் கற்பனை செய்வதற்குத் தாவுகிறது. கொடைவிழாப் பாடல்கள் கொன்றவனின் குலமழியப் பாடுவதுண்டு என்பதால் இதற்கும் மரபில் இடமுண்டு. ஆனால் பழிதீர்ந்த நிறைவோடு அரங்கை விட்டு வெளியேறும் பார்வையாளருக்குக் கணக்கு முடிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் முடியவில்லை.

‘பரியேறும் பெருமாள்’: இரு தரப்பின் குலதெய்வம்

இவ்வகையில் மாரி செல்வராஜின் முதற்படமான ‘பரியேறும் பெருமாள்’ (2018) கூடுதல் நிதானம் உடையது. திருநெல்வேலிச் சட்டக்கல்லூரியில் சேரும் இளைஞனுக்குக் குதிரையேறும் தெய்வத்தின் பெயர். தந்தை பெண்வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞர். அவ்வேடத்தில் நடித்த வண்ணார்பேட்டை தங்கராஜ் உண்மையிலேயே அப்பகுதியின் நாட்டுப்புறக் கலைஞர். கொடைக்களத்தில் வணங்கப்படும் அவ்வேடம், கல்லூரி வாயிலில் அவரை ஆடையின்றி ஓடவைக்கும் காரணமாகிறது. ஒரே ஆட்டம் களம் மாறியதும் அருளிலிருந்து அவமானமாவதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய தமிழ்ப்படம் வேறில்லை.

இன்னும் ஆழமானது, சாதி மானத்துக்காகக் கொலை செய்து திரியும் முதியவரின் பாத்திரம். தாம் செய்வதை அவர் குலசாமிக்கு ஆற்றும் தொண்டாகவே கருதுகிறார். கொல்லப்பட்டோரைத் தெய்வமாக்கும் அதே வழிபாட்டு மொழி, கொல்வதற்கும் துணைவருகிறது. தியனின் படத்தில் பக்தி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. உள்ளிருந்து பார்ப்பவருக்கே அதன் இருபுறக் கூர்மையும் தெரிகிறது. பெமா செதென் ஈகையை நோக்கிக் கேட்ட கேள்விக்கு இணையானது இது. ‘பைசன் காளமாடன்’ (2025) வரை, மாடனின் பெயரைத் தலைப்பிலேயே ஏற்றும் இவ்வியக்குநரின் தெய்வங்கள் ஒருபோதும் அழகுப்பொருளாக மட்டும் நிற்பதில்லை.

ஆறு

சொரிமுத்தையனார் கோயிலின் மரபுவழி உரிமையாளர்களான சிங்கம்பட்டி ஜமீனின் காட்டு நிலமே 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பாம்பே பர்மா வணிகக் கழகத்திடம் சென்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டமாயிற்று. அத்தோட்டத் தொழிலாளரின் கூலி உயர்வுக்காகவும், சிறையிலிருந்தோரின் விடுதலைக்காகவும் 1999 ஜூலை 23ஆம் நாள் திருநெல்வேலியில் பேரணி நடந்தது. ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்றவர்கள் காவல்துறைத் தாக்குதலில் சிதறித் தாமிரபரணியில் இறங்கினர். ஒரு குழந்தை உட்பட 17 பேர் இறந்தனர். இதைத் திருநெல்வேலியில் காஞ்சனை திரைப்பட இயக்கத்தை நடத்திய ஆர்.ஆர். சீனிவாசன் ‘நதியின் மரணம்’ என்ற ஆவணப்படமாக்கினார். மாரி செல்வராஜின் முதற்கதைத் தொகுப்பின் தலைப்பு ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’. பின்வந்த புனைகதைப் படங்களின் காலவுணர்வு இவ்விரண்டிலிருந்தே ஊறியது எனக் கொள்ளலாம். ஆவணப்படத்தின்மேல் வேறோர் ஆண்டை ஒட்ட வழியில்லை.

இப்படங்கள் அனைத்தும் ஆற்றின் நடுப்பகுதியையும் கீழ்ப்பகுதியையுமே களமாகக் கொண்டவை. ஸ்ரீவைகுண்டத்து வாழைத் தோட்டங்களில் தார் சுமப்போரின் விபத்துச் சாவைக் கூறும் ‘வாழை’யும் (2024) அவ்வாறே. பொதிகையில், காரையாற்றுக்கு அருகே வாழும் பழங்குடியினரான காணிக்காரர் இவற்றில் இல்லை. ‘இனச் சிறுபான்மையினர்’ என்ற சொல் சரியாகப் பொருந்துவது அவர்களுக்கே. அவர்களுள் ஒருவர் படக்கருவியை ஏந்தும்போது பட்டவராயனும் அய்யனாரும் மலைமேலிருந்து வேறு விதமாகத் தோன்றக்கூடும்.

ஆண்டுதோறும் ஜூலை 23ஆம் நாள், கட்சியினரும் இயக்கத்தினரும் திருநெல்வேலியில் ஆற்றுக்கு வந்து மலர்தூவிச் செல்கின்றனர். பூசாரி இல்லை, பீடம் இல்லை, வில்லும் இல்லை. நாள் மட்டும் மாறுவதில்லை.